கேட்பவனை நாணச் செய்யாதீர்

பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரை ஆசையோடு வாங்கிய 18 வயது இளைஞன், அக்காரை நேசிப்போர் கூடியுள்ள இடத்திற்கு வந்து, "இதற்குத் தண்ணீர் எங்கே ஊற்றுவது?" என்று கேட்கிறான் என வைத்துக்கொள்வோம். சுற்றியிருப்போர் சிரிக்கின்றனர். அவன் மறுமுறை வருவானா?

அக்காருக்கு ரேடியேட்டரே கிடையாது. பின்புறமுள்ள எஞ்சினை விசிறிக் காற்றே குளிர்விக்கிறது. விசிறியைச் சுழற்றும் பெல்ட் அறுந்தால் உடனே வண்டியை நிறுத்திவிட வேண்டும். இதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். சொல்லாது சிரித்து அனுப்பினால், ஒருநாள் அவனுடைய எஞ்சின் பாழாகும்.

2 கோடியே 15 லட்சத்திற்கும் அதிகமாக உருவான அக்காரின் உற்பத்தி, மெக்சிகோவின் புவெப்லா நகரில் 2003ஆம் ஆண்டு ஜூலையில் நின்றுபோயிற்று. எஞ்சியவை ஓட வேண்டுமாயின், அவற்றைப் பேணும் கைகள் தலைமுறைதோறும் வர வேண்டும். எஞ்சின் ஆறியிருக்கும்போதே வால்வு இடைவெளியைச் சரிசெய்ய வேண்டும் என்பதை, மூத்தவர் அருகிருந்து காட்டாவிடில் இளையவர் எங்ஙனம் கற்பர்?

அறியாமை குற்றமன்று, கேட்டவனை நாணச் செய்வதே குற்றம். நீங்களும் ஏதேனும் ஒரு கைத்திறன் அறிந்தவராயின், கேட்டு வரும் சிறுவனை முதலில் அமரச் செய்யுங்கள். பின்னர் பொறுமையுடன் விடை கூறுங்கள்.