அம்புலிமாமாவை மீட்க வேண்டும்

ஒரு பத்திரிகை கைமாறுவது புதிதல்ல. விலை கொடுத்து வாங்கியவர் தமக்குச் சரியென்று பட்டபடி அதை நடத்துவதும் உலக வழக்கந்தான். ஆனால் அறுபது ஆண்டு காலம் குழந்தைகளின் மனத்தில் குடியிருந்த கதைகளையும் சேர்த்து வாங்கியவர், அவற்றை மெல்ல ஒதுக்கிவிட்டு, பின்னர் கடையையே சாத்தும் நிலைக்கு வந்துவிட்டால் அந்தக் கதைகளின் கதி என்ன? "அம்புலிமாமா" விஷயத்தில் எழுந்த இந்தக் கேள்விக்கு இன்றுவரை பதில் கிடைக்கவில்லை. சித்தூர், திருப்பதி வட்டாரத் தமிழருக்கு இதில் மற்றவர்களைவிட அதிக அக்கறை இருப்பது இயற்கை.

சித்தூர் 1911-ஆம் ஆண்டில் தனி மாவட்டமாகும் வரை, வட ஆற்காடு மாவட்டத்தின் தலைநகராக இருந்தது. எல்லைகள் மாறினாலும் வீட்டுப் பேச்சு மாறிவிடவில்லை. கங்காதர நெல்லூர் போன்ற ஊர்களில் வீட்டில் தமிழும் பள்ளியில் தெலுங்குமாக வளர்ந்த பிள்ளைகள் ஏராளம். அவர்களுக்குத் தெலுங்குச் "சந்தமாமா"வும் தமிழ் "அம்புலிமாமா"வும் ஒரே வீட்டுக்கு வந்த இரண்டு விருந்தாளிகள். ஒரே மாதத்து இதழ்கள் இரண்டையும் அருகருகே விரித்தால் படம் ஒன்று, கதை ஒன்று, எழுத்து மட்டும் வேறு. புரியாத தெலுங்குச் சொல்லுக்குத் தமிழ்ப் பக்கம் பொருள் சொல்லும். மறந்துபோகவிருந்த தமிழ் எழுத்தைத் தெலுங்குக் கதை மீண்டும் தேடிப் படிக்க வைக்கும். எந்த அரசாங்கமும் திட்டம் போட்டு நடத்தாத இருமொழிப் பள்ளிக்கூடம் அது. வீட்டில் தமிழ் படிக்கக் கற்ற எல்லைப்புறத் தமிழர் பலருக்கு அதுவே முதல் வாசகம்.

அதைத் தொடங்கியவர்களும் அந்நியர் அல்லர். கடப்பை மாவட்டத்தில் பிறந்து, சென்னை வடபழனியில் விஜயா-வாகினி ஸ்டூடியோவை நடத்தி, பிற்காலத்தில் திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் தலைவராகவும் இருந்த பி. நாகி ரெட்டியும், அவருடைய நண்பர் சக்ரபாணியும் 1947 ஜூலையில் அதை ஆரம்பித்தார்கள். நாடு விடுதலை பெறுவதற்கு ஒரு மாதம் முன்பு, தெலுங்கிலும் தமிழிலும் தொடங்கிய பத்திரிகை பின்னர் கன்னடம், இந்தி என்று பரவிப் பன்னிரண்டுக்கும் மேற்பட்ட மொழிகளில் வெளிவந்தது. தெலுங்கு எழுத்தாளர் கொடவட்டிகண்டி குடும்ப ராவ் 1952 முதல் 1980-இல் மறையும் வரை அதன் ஆசிரியப் பொறுப்பைச் சுமந்தார். தாசரி சுப்பிரமணியம் எழுதிய "தோக சுக்க" முதலிய தொடர்கதைகளுக்காக மாதக் கடைசியில் கடை வாசலில் காத்து நின்றவர்கள் உண்டு. ஆனால் எழுதியவர் பெயர் அந்தக் கதைகளில் அச்சாகவில்லை. 2010-இல் அவர் காலமான போதுதான் தங்கள் இளமைக் காலத்தை எழுதியவர் யார் என்று பலருக்குத் தெரிந்தது.

வேதாளக் கதைகளின் சரித்திரம் இன்னும் சுவையானது. வடமொழி மூலத்தில் வேதாளம் சொன்னவை இருபத்தைந்து கதைகள்தாம். அவை தீர்ந்த பிறகும் வேதாளத்தைச் சும்மா விட ஆசிரியர் குழுவுக்கு மனம் வரவில்லை. வேறு கதைகளை எடுத்து, முடிவில் ஒரு தர்மசங்கடமான கேள்வியை வைத்து, மாதந்தோறும் அதை முருங்கை மரம் ஏற்றி இறக்கினார்கள். இப்படிப் பிறந்தவை பல நூறு. கையில் வாளும் தோளில் பிணமுமாக நடக்கும் விக்கிரமாதித்தன் படத்தை வரைந்த சங்கர், கொங்கு நாட்டுத் தமிழர். 1952 முதல் அங்கே வரைந்த அவர் 2020 செப்டம்பரில், தொண்ணூற்றைந்து வயதைக் கடந்து மறைந்தார். மறு ஆண்டு மத்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது. விருது வந்து சேர்ந்த அந்த வேளையில், அவர் வரைந்த பத்திரிகை கடையில் இல்லை!

நடந்தது இதுதான். தொழிலாளர் தகராறு காரணமாக 1998-இல் நின்றுபோன பத்திரிகை, சிறிது இடைவெளிக்குப் பின் மீண்டும் வந்தது. 2007-இல் மும்பையைச் சேர்ந்த ஜியோடெசிக் என்ற மென்பொருள் நிறுவனம் அதை வாங்கியது. 2008-இல் இதழின் தோற்றம் மாறிற்று. புராணமும் நாடோடிக் கதையுமே இதழாக இருந்த நிலை போய், நவீனக் கதை, விளையாட்டு, தொழில்நுட்பம் என்று பக்கங்கள் பங்கு பிரிக்கப்பட்டன. காலத்துக்கு ஏற்ப மாற வேண்டும் என்ற அவர்கள் வாதத்தை அடியோடு தள்ளிவிட முடியாது. தொலைக்காட்சி பார்த்து வளர்ந்த பிள்ளைகளை வேதாளம் மட்டும் இழுத்து வந்துவிடும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. பழைய வாசகர்களின் கோபத்தில் தங்கள் பால்யம் போய்விட்டதே என்ற ஏக்கமும் கொஞ்சம் கலந்திருந்தது. ஆயினும் பழையதை விரும்பி வந்தவரை இழந்து, புதியவரையும் பிடிக்க முடியாமற் போயிற்று. 2013 வாக்கில் பத்திரிகை நின்றது. வாங்கிய நிறுவனமோ கடன் பத்திரங்களுக்குப் பணம் தர இயலாமல், 2014-இல் பம்பாய் உயர்நீதிமன்ற உத்தரவின்படி கலைக்கப்படும் நிலைக்கு வந்தது. ஒரு காலத்தில் பழைய இதழ்களை இணையத்தில் படிக்கவாவது வழி இருந்தது. அந்த வாசலும் பின்னர் அடைபட்டது.

அமெரிக்காவிலும் இப்படி ஒரு மனத்தாங்கல் உண்டு. "ஸ்டார் வார்ஸ்" படங்களை எடுத்த லூகாஸ்பிலிம் நிறுவனத்தை 2012-இல் டிஸ்னி, 400 கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. 2014 ஏப்ரலில், அந்தப் படங்களையொட்டி அதுவரை வந்திருந்த நூற்றுக்கணக்கான நாவல்களும் சித்திரக் கதைகளும் இனி மூலக் கதையோடு சேர்ந்தவை அல்ல, வெறும் "பழங்கதைகள்" என்று அறிவித்தது. இருபது ஆண்டுகளாக அவற்றைப் படித்து வளர்ந்தவர்கள் கொதித்தெழுந்தார்கள். எனினும் அந்தப் புத்தகங்கள் இன்றும் அச்சாகின்றன, கடையில் கிடைக்கின்றன. டிமதி ஸான் 1991-இல் படைத்த திரான் என்ற பாத்திரத்தை, வாசகர்களின் பிரியத்தைக் கண்டு 2016-இல் அதே டிஸ்னி மீண்டும் கதைக்குள் கொண்டு வந்தது. தள்ளி வைத்தவரிடமே போய்க் கேட்க வழி இருந்தது. அம்புலிமாமா வாசகர் கேட்பதென்றால் எந்தக் கதவைத் தட்டுவது?

சட்டத்தில் வழி இல்லாமலில்லை. வெளியான ஒரு நூலை உரிமையாளர் மறுபடி வெளியிட மறுத்துப் பொதுமக்களுக்குக் கிடைக்காமல் செய்தால், முறையிட்டு அதை வெளியிடும் அனுமதியைப் பெறலாம் என்று 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 31-ஆம் பிரிவில் கூறுகிறது. உரிமையாளரைக் கண்டுபிடிக்கவே முடியாத படைப்புகளுக்கும் அதை அடுத்த பிரிவில் இடம் உண்டு. இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. பத்திரிகை ஊழியர் எழுதியதைப் பத்திரிகையில் வெளியிடும் உரிமைதான் உரிமையாளருடையது. வேறு உடன்பாடு இல்லாவிட்டால் மற்ற உரிமைகள் எழுதியவரையே சேரும் என்பது அதே சட்டத்தின் 17-ஆம் பிரிவு. எழுதியவர் யாரென்று வெளிப்படாமலே பெயரின்றி வந்த கதைகளுக்கு, வெளியான ஆண்டை அடுத்து அறுபது ஆண்டுகள்தாம் காப்பு. தொடக்க ஆண்டுகளின் இதழ்களில் கணிசமான பகுதி இதற்குள் பொதுச் சொத்தாகியிருக்கக் கூடும். எது யாருடையது என்று உட்கார்ந்து பிரித்துப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

தனி மனிதர் செய்யக்கூடிய வேலை அல்ல இது. ஆந்திர அரசும் தமிழக அரசும் சேர்ந்து ஒரு சிறு குழுவை நியமித்தால், சில மாதங்களில் 1947 முதலான இதழ்களைக் கணக்கெடுத்துவிடலாம். 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படியும் பின்னர் வந்த திருத்தப்படியும், சென்னையில் அச்சான பிரதிகள் கன்னிமாரா நூலகத்துக்கு வந்திருக்க வேண்டும், அங்கிருந்து தொடங்கலாம். விடுபட்டவற்றை வீடுகளில் தேட வேண்டும். ஆண்டுக்குப் பன்னிரண்டு இதழ்களைச் சேர்த்து பைண்டு செய்து வைத்தவர்கள் சித்தூர், புத்தூர், நகரி, கங்காதர நெல்லூர்ப் பகுதிகளில் இன்னும் இருப்பார்கள். அந்தத் தொகுப்புகள் எடைக்கு எடை பழைய பேப்பர் கடைக்குப் போகுமுன் சித்தூர் ஜில்லா கிரந்தாலய சமஸ்தா முன்வந்து அவற்றைக் கேட்டுப் பெற வேண்டும். தெலுங்கும் தமிழும் ஒரே அலமாரியில், மாதத்துக்கு மாதம் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்படி அடுக்க வேண்டும்.