கற்பனைத் தெய்வங்களும் கட்டிவிடப்பட்ட ஹதீஸ்களும்



படூரில் மஃரிபுக்குப் பின் நாம் நடத்திவரும் மக்தபில் ஓதுகின்ற பன்னிரண்டு வயது மாணவன் ஒருவன், எண்பது பக்க நோட்டு ஒன்றில் ஓர் உலகத்தைப் படைத்துக்கொண்டிருந்தான். அவ்வுலகில் இரண்டு ஆறுகள்; உப்பளம் சூழ்ந்த ஒரு தலைநகரம்; ஐந்து தெய்வங்கள். ஒவ்வொரு தெய்வத்துக்கும் தனித்தனிப் பூசாரிக் கூட்டம். ஒவ்வொரு கூட்டத்துக்கும் தனி நிற உடை, தனிச் சத்தியப் பிரமாணம், தனி வரி. உப்புத் தெய்வத்தின் பூசாரிகள் ஊரில் விளையும் உப்பில் பத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறார்கள். கொடுக்காதவன் வீட்டுக் கிணறு கரித்துப்போகும் என்று அச்சுறுத்துகிறார்கள். கேளம்பாக்கத்து உப்பளங்களைப் பள்ளி வேனின் ஜன்னல் வழியே பார்த்து வளர்ந்த பிள்ளை. வேறெதை எழுதுவான்?

நோட்டு அவனுடைய அத்தாவின் கண்ணில் பட்டது. இஷாவுக்குப் பின் நம்மிடம் கொண்டுவந்து இரண்டு கோரிக்கைகளை வைத்தார். மற்ற பிள்ளைகளின் முன்னிலையில் அதைக் கிழித்துப் போட வேண்டும். மகனுக்குப் புதிதாகக் கலிமா சொல்லிக்கொடுக்க வேண்டும். இரண்டையும் நாம் மறுத்துவிட்டோம். சிறுவன் ஈமானை விட்டு வெளியேறவில்லை, வெளியேறாதவனை உள்ளே அழைப்பது எங்ஙனம் என்று கேட்டோம். அவர் ஸலாம் சொல்லாமலே எழுந்து சென்றார்.

மூன்றாம் நாள் மஹல்லாவின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு குரல் பதிவு உலவத் தொடங்கியது. பேசியவர் யாரென்று அறியோம். பொய்த் தெய்வங்களின் பெயரைத் தன் கையால் எழுதுபவனுக்குக் கப்ரில் இன்ன வேதனை, மஹ்ஷரில் இன்ன வேதனை என்று எண்ணிக்கையோடு அடுக்கி, அதை நபி (ஸல்) அவர்கள் சொன்னதாகவும் அவர் கூறினார். அச்சொற்களை இங்கே எழுத மாட்டோம். மறுப்பதற்காகக்கூட அதைப் பரப்ப நமக்கு மனமில்லை. நம் கைக்கெட்டிய ஹதீஸ் கிதாபுகளில் தேடினோம், கிடைக்கவில்லை. பதிவைக் குழுவில் போட்ட சகோதரரிடம் ஸனது கேட்டோம். "நல்ல விஷயம்தானே ஹஸ்ரத், பிள்ளைகள் பயப்படட்டுமே" என்றார்.

இக்கட்டுரை அச்சகோதரருக்கும் அவரைப் போல் எண்ணுவோருக்குமான பதில்.

பொய்த் தெய்வத்தின் பெயரை எழுதுவதே குற்றம் என்றால், முதலில் தஃப்ஸீர் கிதாபுகளை என்ன செய்வது? நூஹ் (அலை) அவர்களின் சமுதாயத்தார் விட மறுத்த வத்து, ஸுவாஉ, யகூஸ், யஊக், நஸ்ரு ஆகிய ஐந்தையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுவது அல்லாஹ்வின் வேதமே. லாத், உஸ்ஸா, மனாத் ஆகிய மூன்றும் நஜ்மு சூராவில் உள்ளன. அவை வெறும் பெயர்களே, முன்னோர் சூட்டிய பெயர்களுக்குப் பின்னால் எந்த அதிகாரமும் இல்லை என்று அந்த சூராவே அடுத்துச் சொல்கிறது. ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறைந்த இப்னுல் கல்பீ, 'கிதாபுல் அஸ்னாம்' என்று சிலைகளைப் பற்றியே ஒரு நூல் எழுதினார். எந்தச் சிலை எவ்விடத்தில் நின்றது, அதற்கு எந்தக் கோத்திரத்தார் ஊழியம் செய்தனர், யார் அதை உடைத்தார் என்ற விவரமெல்லாம் அதில் உண்டு. தாயிஃபில் லாத்துக்கு ஸகீஃப் கூட்டத்தார் ஊழியராய் இருந்ததையும், கஅபாவுக்குள் ஹுபலின் முன் அம்பெறிந்து குறி பார்த்ததையும் நம் முன்னோர் மறைத்து வைக்கவில்லை. அரபியில் 'ஸாதின்' என்பது அந்த ஊழியனுக்குப் பெயர். ஷஹ்ரஸ்தானீ 'மிலல் வன்னிஹல்' எழுதியபோது உலகத்து மதங்களை எல்லாம் ஒரே நூலில் நிரல்படுத்தினார். எழுதியவர்களில் எவருக்கும் யாரும் கலிமா சொல்லிக்கொடுக்கவில்லை.

"அவை இருந்தவற்றைப் பற்றிய செய்திகள், இவனோ இல்லாததை உண்டாக்குகிறான்" என்று சொல்லக்கூடும். நியாயமான கேள்வி. ஆனால் இல்லாத தெய்வங்களை உண்டாக்கியவர்களும் நம்மில் உண்டு, சகோதரர்களே. அதுவும் எண்பது பக்க நோட்டில் அல்ல.

லக்னோவில் நவல் கிஷோர் அச்சகம் வெளியிட்ட 'தாஸ்தானே அமீர் ஹம்ஸா' உருதுவில் 46 பெருந்தொகுதிகள். அவற்றுள் புகழ் மிக்கது 'திலிஸ்மே ஹோஷ்ருபா'. முதல் தொகுதி 1883இல் வந்தது. முஹம்மத் ஹுஸைன் ஜாஹ் தொடங்கினார், அஹ்மத் ஹுஸைன் கமர் தொடர்ந்தார். திலிஸ்ம் என்பது சூனியத்தால் கட்டப்பட்ட ஓர் உலகம். அதற்கென ஓர் அரசன், அஃப்ராஸியாப். அவனுக்குக் கீழ் எண்ணிலடங்காச் சூனியக்காரர்கள். அவர்கள் வணங்கும் தெய்வங்கள் ஸாமிரியும் ஜம்ஷேதும். ஸாமிரி யாரென்று மக்தப் பிள்ளைகளுக்குத் தெரியும்: தாஹா சூராவில் பொன்னால் கன்றுக்குட்டி செய்து மக்களை வழிகெடுத்தவன். ஜம்ஷேது, தன்னைக் கடவுள் என்று சொல்லிக் கெட்டழிந்ததாகப் பாரசீகர் கதை சொல்லும் பழைய மன்னன். இவ்விருவரையும் எடுத்து ஒரு கற்பனை உலகத்தின் பீடத்தில் அமர்த்தியவர்கள், ஐவேளை பாங்கு ஒலித்த ஊரில் வாழ்ந்த முஸ்லிம் கதைசொல்லிகள்.

இவர்களுக்கு மேலாக லகா என்று ஒருவன் வருகிறான். மாபெரும் உடல், தாடி மயிரில் முத்துகள் கோத்திருப்பான். தானே இறைவன் என்பான். எது நடந்தாலும் அது தான் முன்பே விதித்த தக்தீர் என்பான். அமீர் ஹம்ஸாவிடம் தோற்று ஓடுவான். ஓடியதும் தன் தக்தீரே என்பான். அடுத்த நாட்டு மன்னன் அடைக்கலம் கொடுப்பான், அங்கும் தோற்பான், மீண்டும் தக்தீர். அவனுடைய அமைச்சன் பக்தியாரக், அவன் சபையின் ஷைத்தான் என்றே பெயர் பெற்றவன், முதலாளியைக் கேலி செய்துகொண்டே கூடத் திரிவான். கேட்டவர்கள் வயிறு குலுங்கச் சிரித்திருப்பார்கள். ஷிர்க்கின் அபத்தத்தை இத்தனை எளிதாக உள்ளத்தில் பதிய வைத்த பயான்கள் நாம் கேட்டவற்றில் குறைவு. நாம் செய்த பயான்களையும் சேர்த்தே சொல்கிறோம்.

இந்நூலின் மீது நமக்கு ஒரு குறை உண்டு. அதை மறைக்க மாட்டோம். உஹதில் ஷஹீதான ஹம்ஸா (ரலி) அவர்களின் பெயரைக் கற்பனைப் போர்வீரன் ஒருவனுக்குச் சூட்டியிருக்க வேண்டியதில்லை. உண்மையாய் வாழ்ந்த ஒரு ஸஹாபியின் மீது, அவர் செய்யாத செயல்களை ஏற்றுவது தவறு. நம் மாணவன் அத்தவற்றைச் செய்யவில்லை. அவன் நோட்டில் உள்ள பெயர் ஒன்றுகூட உலகில் வாழ்ந்த எவருடையதும் அன்று.

நழ்ரு இப்னுல் ஹாரிஸை எடுத்துக்காட்டி நம்மை மடக்க முயன்றார் ஓர் அன்பர். மக்காவில் நபி (ஸல்) அவர்கள் ஓதி முடித்த இடத்தில் அமர்ந்து, ருஸ்தம், இஸ்ஃபந்தியார் கதைகளைச் சொல்லி மக்களைத் திருப்பியவன் அவன். லுக்மான் சூராவின் வசனம் ஒன்று அவனைப் பற்றியது என்று முஃபஸ்ஸிர்கள் சிலர் எழுதியுள்ளனர். உண்மை. அவனுடைய குற்றம் என்ன? குர்ஆனுக்குப் போட்டியாகத் தன் கதையை நிறுத்தி, இது அதனினும் அழகு என்றான்; மக்களை வழி தவறச் செய்வதே அவன் நோக்கம். அந்நோக்கத்தை வசனமே குறிப்பிடுகிறது. கதை என்ற காரணத்துக்காகவே கதை ஹராம் என்றால், நம் அரபுக் கல்லூரிகளில் 'மகாமாத்தே ஹரீரீ' பாடமாக இருப்பது எப்படி? அதிலுள்ள அபூ ஸைத் ஸரூஜீ, பள்ளிவாசல்களில் அழுது உபதேசம் செய்து பணம் பறிக்கும் எத்தன், ஹரீரீயின் கற்பனை. விலங்குகளைப் பேச வைத்த கதைகளை எந்த அறிஞர் வெறுத்தார் என்று ஹரீரீ தம் முன்னுரையிலேயே வாதாடுகிறார். நாம் அந்த முன்னுரையை மனனம் செய்து தேர்வு எழுதியவர்கள். பட்டயம் பெற்றபின் அதை மறந்துவிடலாமா?

தமிழுக்கு வந்தால், கிஸ்ஸா, மசலா, நாமா, படைப்போர் என்று கதை சொல்வதற்கென்றே இலக்கிய வகைகளை வளர்த்தவர்கள் நம் புலவர்கள். கண்டியில் சித்தி லெப்பை, பிள்ளைகளின் கல்விக்காகத் தம் வாழ்நாளைச் செலவிட்டவர், 1885இல் 'அஸன்பே சரித்திரம்' என்ற நாவலை எழுதினார். தமிழின் தொடக்ககால நாவல்களில் அது ஒன்று. கற்பனையைக் கண்டு அவர் அஞ்சவில்லை.

மேல்நாட்டுக் கதைகளைப் பற்றியும் கேட்கிறார்கள். மாணவர்களிடம் கேட்டறிந்து, பிறகு நாமும் சிறிது வாசித்தோம். டோல்கீன் என்ற ஆங்கிலேயர் கத்தோலிக்கர். அவர் மறைவுக்குப் பின் 1977இல் வெளிவந்த 'சில்மரில்லியன்' நூலில் படைப்போன் ஒருவனே. அவனுக்குக் கீழ் உலகைக் காக்கும் வலார் என்போரை வைத்தார். நம் அகீதாவோடு அது பொருந்தாது, சொல்லிக்கொடுத்தால் பிள்ளைக்குப் புரியும். ஆனால் அவ்வுலகில் வானுயரக் கோயில் கட்டி நரபலி கொடுக்கும் இடம் வரும்போது, அதைச் செய்விப்பவன் கொடியவன் சௌரோன். எல்லாக் கதைகளும் இப்படி என்று சொல்ல வரவில்லை. வாசித்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

நாம் வேலியே வேண்டாம் என்கிறோமா? இல்லை. 2020 ஜூனில் பப்ஜி விளையாட்டில் ஒரு புதிய பகுதி வந்தது. ஆட்டக்காரனின் உருவம் ஒரு சிலையின் முன் குனிந்து நின்றால் அதற்குச் சக்தி கிடைக்கும். அரபு நாடுகளில் முஸ்லிம்கள் எதிர்த்தனர். நிறுவனம் மன்னிப்புக் கேட்டு அதை நீக்கியது. எதிர்த்தவர்களோடுதான் நாம் நின்றோம். ஒருவன் சிலைக்குக் குனிந்தான் என்று வாசிப்பது வேறு. என் விரல் பொத்தானை அழுத்த, எனக்குப் பதிலாக நிற்கும் உருவம் குனிவது, குனிந்ததற்கு எனக்குப் பரிசும் கிடைப்பது வேறு. தொழுகை நேரத்தை விழுங்கும் கதையும், நபிமார்களை இழிவுபடுத்தும் கதையும் எந்த வாதத்தாலும் நல்லதாகிவிடா. இவ்வேலிகளைப் பிள்ளைகளுக்குக் காட்டுவது நம் கடமை. காட்டியும் வருகிறோம்.

நம்மை உறுத்துவது வேறொன்று. கேளம்பாக்கம் வழியே சற்றுத் தூரம் சென்றால் கோவளம்; அங்கே தமீம் அன்ஸாரி (ரலி) அவர்கள் பெயரால் விளங்கும் தர்கா நம் அனைவருக்கும் தெரியும். தர்காவைப் பற்றிய வாதம் இங்கு நம் நோக்கமன்று. தமீம் என்ற பெயரோடு இரண்டு விதமான செய்திகள் வழங்குகின்றன. ஒன்று, தமீமுத் தாரீ (ரலி) அவர்கள் கடலில் ஒரு மாதம் அலைக்கழிந்து ஒரு தீவில் கரையேறி, உரோமம் மூடிய ஒரு பிராணியையும் விலங்கிடப்பட்ட ஒரு மனிதனையும் கண்டது. ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) வழியாக ஸஹீஹ் முஸ்லிமில் பதிவானது. நபி (ஸல்) அவர்கள் மிம்பரில் இருந்து எடுத்துச் சொன்னது. மற்றொன்று, தமீம் அன்ஸாரியை ஜின்கள் தூக்கிச் சென்ற கதை. தக்கணத்து உருதுவில் பிஜப்பூர்க் கவிஞர் ஸன்அதீ 1645இல் அதைக் காவியமாகவே பாடினார். முன்னதை ஸனதோடு ஏற்கிறோம்; பின்னதைக் கிஸ்ஸா என்று கேட்கிறோம். கேட்கும் கிழவிக்கும் இவ்வேறுபாடு தெரிந்திருந்தது; கிஸ்ஸா என்ற பெயரே அதைச் சொல்லிவிடும்.

மூன்றாவதாக ஒன்று உண்டு. கட்டியதை ஹதீஸ் என்று சொல்வது. என் மீது வேண்டுமென்றே பொய் சொல்பவன் நரகத்தில் தன் இடத்தைத் தேடிக்கொள்ளட்டும் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தது, எண்ணற்ற ஸஹாபாக்கள் வழியாக வந்த முதவாதிரான செய்தி. ஹிஜ்ரி 597இல் மறைந்த இப்னுல் ஜவ்ஸீ, கட்டுக்கதை ஹதீஸ்களைத் திரட்டி 'அல்மவ்ளூஆத்' எழுதியதோடு நில்லாமல், மேடையேறிக் கதை சொல்லும் உபதேசிகளைப் பற்றியும் தனி நூல் எழுதினார். நூஹ் இப்னு அபீ மர்யம் என்பவர் ஒவ்வொரு சூராவுக்கும் சிறப்புகளை ஹதீஸாகக் கட்டினார். ஏனென்று கேட்டபோது, மக்கள் அபூஹனீஃபாவின் ஃபிக்ஹிலும் இப்னு இஸ்ஹாக்கின் போர் வரலாறுகளிலும் மூழ்கிக் குர்ஆனை விட்டுவிட்டார்கள், நன்மை கருதிச் செய்தேன் என்றாராம். ஹதீஸ் கலை நூல்கள் இதைப் பதிவு செய்கின்றன. "நல்ல விஷயம்தானே ஹஸ்ரத்" என்ற சொல்லுக்கு வயது ஆயிரத்துக்கும் மேல்.

சிறுவன் தன் நோட்டின் முதல் பக்கத்தில் 'கற்பனைக் கதை' என்று எழுதி அடிக்கோடும் இட்டிருக்கிறான். குரல் பதிவில் அப்படி ஒரு சொல்லும் இல்லை. இவ்விரண்டில் எதைக் கிழிக்கச் சொல்லியிருக்க வேண்டும்? அப்பதிவை இருநூறு பேருக்கு மேல் உள்ள குழுவில் பகிர்ந்தவர்களில் ஒருவரேனும் கலிமாவைப் புதுப்பிக்கச் சொல்லப்படவில்லை. நாமும் சொல்ல மாட்டோம். சகோதரனைக் காஃபிர் என்று அழைத்தால் அச்சொல் இருவரில் ஒருவரிடம் திரும்பும் என்ற ஹதீஸை அஞ்சுகிறோம். பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் மீது அதை எறிந்தவர்கள் அஞ்சினார்களா?

நோட்டை நாம் முழுதும் வாசித்தோம். நாற்பத்து மூன்றாம் பக்கத்தில், உப்பளத்தில் வேலை செய்யும் யத்தீம் பிள்ளை ஒருவன் இரவில் கோயிலுக்குள் நுழைகிறான். உப்புத் தெய்வத்தின் சிலைக்குள்ளிருந்து இருமல் சத்தம் கேட்கிறது. அங்கே வாக்கியம் பாதியில் நிற்கிறது. அன்றுதான் அத்தா நோட்டைப் பறித்தார் போலும்.

மூன்று வாரங்களாக அவன் மக்தபுக்கு வரவில்லை. ஸூரத்துல் அன்பியாவில் இப்ராஹீம் (அலை) அவர்கள் பெரிய சிலையை மட்டும் விட்டுவைத்த இடம் வரை ஓதியிருந்தான். பாடம் அங்கேயே நிற்கிறது. நோட்டு நம் அலமாரியில், குர்ஆன் வைக்கும் தட்டுக்குக் கீழ்த் தட்டில் பத்திரமாக இருக்கிறது. அவன் அத்தா எந்நாளும் அஸருக்குப் பின் வரலாம், தேநீர் நம்முடையது. மகனையும் அழைத்து வந்தால், உள்ளே இருமியது யாரென்று நாம் கேட்டுத் தெரிந்துகொள்வோம்.