முத்தைத் தேடிய வியாபாரியும் மூடிய பெட்டியும்

தியானத்திற்கு: மத்தேயு 13:45-46; லூக்கா 14:28-30; நீதிமொழிகள் 11:1



ஆராதனை முடிந்து மண்டபத்தில் நாம் தேநீர் அருந்தும் வேளையில், நம்முடைய பிள்ளைகள் மேசையொன்றில் ஹொக்கி அட்டைகளைப் பரப்பி வைத்திருப்பதைக் கண்டிருப்பீர்கள். இலையுதிர்காலம் வந்தால் ரிம் ஹோர்ட்டன்ஸ் கடைகளில் அப்பர் டெக் நிறுவனத்தின் அட்டைப் பக்கெற்றுகள் விற்பனைக்கு வருகின்றன. 2015 முதல் நாம் பார்த்துவரும் காட்சி இது. கோப்பி வாங்கச் சென்ற தகப்பன் பிள்ளைக்கென்று இரண்டு பக்கெற்றுகளோடு வீடு திரும்புகிறார். சில வீடுகளில் அந்த இரண்டு பக்கெற்றுகள் பெட்டிகளாகப் பெருகிவிடுகின்றன.

ஒரு தாய் என்னிடம், "பாஸ்ரர், இதை நிறுத்தச் சொல்லி நீங்கள்தான் பிரசங்கிக்க வேணும்" என்றார். அவருடைய சம்மதத்தோடு எழுதுகிறேன். பிள்ளைக்காகத் தொடங்கிய கணவர், இப்பொழுது பிள்ளை உறங்கிய பின் தாமே பெட்டிகளைப் பிரிக்கிறார். வாடகைக்கென்று ஒதுக்கிய பணத்திலும் கை வைத்துவிட்டார்.

ஆயினும் அட்டைகளுக்கு எதிராக நான் பிரசங்கிக்கப் போவதில்லை. தபால்தலை சேர்த்து மகிழ்ந்த தலைமுறையினர் நாம். பள்ளியில் சக மாணவரோடு பேச நம் பிள்ளைக்கு ஒரு பொருள் கிடைப்பதை நான் ஏன் பறிக்க வேண்டும்? என் வழக்கு மூடிய பெட்டியோடு மட்டுமே.

கணக்கைப் பாருங்கள். அப்பர் டெக் தொடர் ஒன்றில் ஏறத்தாழ 50 புதுமுக வீரர்கள் 'யங் கன்ஸ்' என்ற பெயரில் வருகின்றனர். நூறு டொலருக்கு மேல் விலையுள்ள ஹொபி பெட்டி ஒன்றில் சராசரியாகக் கிடைப்பவை 6. உங்கள் பிள்ளை விரும்பும் அந்த ஒருவர் அகப்படுவது, எட்டுப் பெட்டிகளுக்கு ஒரு முறை என்ற அளவில்தான். நட்சத்திரங்கள் சிலரைத் தவிர்த்தால், பெரும்பாலோரின் அதே அட்டையைத் தனியாகச் சில டொலருக்கு வாங்கிவிடலாம். அப்படியிருந்தும் மனிதர் பெட்டியையே நாடுவது ஏன்? அதைப் பிரிக்கும் அந்த நொடிக்காக. லொத்தர் சீட்டைச் சுரண்டும் நொடிக்கு அது மிக அண்மையானது.

சகோதரர் ஒருவர், விலையுயர்ந்த முத்துக்காக எல்லாவற்றையும் விற்ற வியாபாரியை எனக்கு நினைவூட்டினார். சிரித்தேன், பிறகு சிந்தித்தேன். அந்த வியாபாரி முத்தைக் கண்டார், அதன் மதிப்பை அறிந்தார், அதன் பின்னரே வாங்கினார். உள்ளே என்ன இருக்கிறதென்று அறியாத பெட்டிக்கு அவர் எதையும் விற்கவில்லை.

ஆகையால் பெற்றோரே, மாதத்துக்கு இவ்வளவு என்று ஒரு தொகையை உறையில் இட்டுப் பிள்ளையின் கையிலேயே கொடுங்கள். கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பதைப் பற்றி ஆண்டவர் சொன்னதை, பத்து வயதுப் பிள்ளை இதைவிட எளிதாக எங்கே கற்றுக்கொள்ளும்? தனி அட்டையாக வாங்கட்டும். தபால் செலவையும் அதே உறையிலிருந்து கொடுக்கட்டும். பெட்டி பிரிக்கும் ஆசை தீரவில்லையென்றால் 1990-91 பருவத்துப் பழைய பெட்டிகள் உண்டு. அக்காலத்தில் அளவுக்கு மிஞ்சி அச்சிட்டதால் அவை இன்று மலிவு. வெய்ன் கிரெட்ஸ்கியின் படமுள்ள அக்காலத்து அட்டைகள் பலவும் ஓரிரு டொலருக்கே கிடைக்கும்.

"இது முதலீடு" என்போருக்கு ஒரு சொல். 2021இல் 37.5 இலட்சம் அமெரிக்க டொலருக்கு விலைபோன கிரெட்ஸ்கியின் அட்டை, ஒன்ராறியோவின் லண்டன் நகரத்து ஓ-பீ-சீ நிறுவனம் 1979இல் வெளியிட்டது. பிஎஸ்ஏ தரநிர்ணயத்தில் முழுமையான பத்துப் புள்ளி பெற்றவை அவ்வகையில் இரண்டே இரண்டு. முனை மழுங்கிய அதே அட்டைக்கு அந்த விலையின் மிகச் சிறு துளியே கிடைக்கும். (சேர்ப்பதே நோக்கமானால் முனை மழுங்கியதே நமக்கு ஏற்றது, படத்தில் சிரிக்கும் முகம் ஒன்றுதானே!)

பணத்தைவிட என்னை அதிகம் வருத்தியது வேறொன்று. சென்ற மாதம் அந்த மேசையில், பெரிய பையன் ஒருவன் ஏழு வயதுச் சிறுவனிடமிருந்து நல்ல அட்டை ஒன்றைப் பெற்றுக்கொண்டு, மதிப்பற்ற பத்து அட்டைகளைக் கொடுத்தான். சின்னவன் பத்துக் கிடைத்ததென்று துள்ளினான். அருகில் நின்ற பெரியவர்கள், "கெட்டிக்காரன்" என்று தட்டிக்கொடுத்தார்கள். கள்ளத்தராசைக் கர்த்தர் அருவருக்கிறார் என்று ஞாயிறு பாடசாலையில் கற்பிக்கும் நாமே, பக்கத்து அறையில் அதற்குக் கைதட்டினோம். நானும் அங்கே நின்றேன்; உடனே வாய் திறக்கவில்லை.

அந்தப் பையனிடம் பின்னர் பேசினேன். கடிந்துகொள்ளவில்லை, அந்த அட்டையின் விலை சின்னவனுக்குத் தெரியுமா என்று மட்டும் கேட்டேன். அடுத்த ஞாயிறு அவன் அதைத் திருப்பிக் கொடுத்தான். சின்னவனோ தன் பத்து அட்டைகளைத் திருப்பித் தர மனமில்லாமல் அழுதான். இருவருமாக நெடுநேரம் பேசி, இறுதியில் மூன்றை அவனே வைத்துக்கொள்ள இணங்கினார்கள்.