நிராகரிப்புக் கடிதத்தை யார் எழுதுவது?

மாணவர் ஆய்விதழ் தொடங்கப்போகிறோம் என்று எங்களிடம் வருகிறவர்கள் முதலில் கேட்பது ஐ.எஸ்.எஸ்.என். எண்ணைப் பற்றித்தான். இந்தியாவில் அது இலவசம், விண்ணப்பித்தால் கிடைக்கும். வண்டிக்கு நம்பர் பிளேட் மாதிரி. மாட்டினால் மட்டும் வண்டி ஓடிவிடாது.

அடுத்துக் கேட்பது யு.ஜி.சி. பட்டியல். கேர் பட்டியலை 2025 பிப்ரவரியில் யு.ஜி.சி.யே கைவிட்டுவிட்டது. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் கட்டுரை வெளியிட்டிருக்க வேண்டும் என்ற கட்டாயமும் 2022 விதிமுறைகளில் இல்லை. ஆனாலும் அந்தப் பயம் போகவில்லை. பணம் வாங்கிக்கொண்டு எதையும் அச்சேற்றும் இதழ்கள் அதில்தான் பிழைக்கின்றன. உதவித்தொகை எப்போது வரும் என்று தெரியாமல் விடுதியில் காத்திருக்கும் பிள்ளைகளிடம் கட்டுரைக் கட்டணம் என்று ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. 1907இல் அயோத்திதாசர் தொடங்கிய இதழின் பெயரே ‘ஒரு பைசாத் தமிழன்’.

யாரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. வந்த கட்டுரையை யார் படிப்பது, என்ன சொல்லித் திருப்பி அனுப்புவது?

முதுகலை படித்தபோது நாங்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஓர் இதழ் நடத்தினோம். இளங்கலை மாணவி ஒருவர் தன் ஊர்க் காலனியிலிருந்து மயானத்துக்குப் போகும் பாதையைப் பற்றி எழுதி அனுப்பினார். மழைக்காலத்தில் பிணத்தைத் தூக்கிக்கொண்டு யார் வயல் வரப்பில் இறங்க வேண்டியிருந்தது, யார் மறித்தார்கள், தாசில்தாரிடம் கொடுத்த மனு என்ன ஆனது, எல்லாம் தேதியோடு இருந்தது. பெயரை மறைத்துத்தான் மதிப்பாய்வுக்கு அனுப்பினோம். ஆனால் மயானப் பாதையைப் பற்றி ‘எங்கள் தெரு’ என்று எழுதுகிறவர் யார் என்று படிப்பவருக்குத் தெரியாதா? “உணர்ச்சிவசப்பட்ட எழுத்து. கோட்பாட்டுச் சட்டகம் இல்லை. புறவயத்தன்மை போதாது.” மூன்றே வரி. அந்த மூன்று வரியை அப்படியே அவருக்கு அனுப்பினோம். அதன்பிறகு அவர் எங்களுக்கு எதுவும் எழுதவில்லை.

மதிப்பாய்வாளரைத் திட்டிவிட்டுப் போகலாம். அனுப்பியது நாங்கள். எங்கள் குழுவில் பாதிப் பேர் தலித் மாணவர்கள். அம்பேத்கர் படம் மாட்டிய அறையில் உட்கார்ந்துதான் அனுப்பினோம். ‘தரம்’ என்ற சொல்லுக்கு அவ்வளவு பயந்திருந்தோம். இந்திய சமூக அறிவியலுக்குள் கோட்பாடு பேசும் பிராமணர்கள், தரவு சேகரிக்கும் சூத்திரர்கள் என்ற பிரிவினை இருப்பதை கோபால் குரு 2002இல் இ.பி.டபிள்யூ. இதழில் எழுதியிருந்தார். அதைத் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவர்கள்தான் நாங்கள்.

அதற்காக, நம் பிள்ளை எழுதியது என்று கைவைக்காமல் போட்டுவிடச் சொல்லவில்லை. அதுவும் அவமரியாதைதான். தலித்துகள் அனுபவத்தோடு நின்றுவிடாமல் கோட்பாட்டுக்குள் நுழைய வேண்டும் என்பதும் குருவின் வாதமே. அந்தக் கட்டுரையில் வேலை பாக்கி இருந்தது. பாதை புறம்போக்கா, பட்டா நிலமா என்று ‘அ’ பதிவேட்டையும் புலப்படத்தையும் எடுத்துப் பார்த்திருந்தால் வாதம் அசைக்க முடியாததாகியிருக்கும். எங்களில் ஒருவர் தாலுகா அலுவலகம் வரை அவரோடு போயிருக்கலாம். அதைத்தான் மதிப்பாய்வு என்று நாங்கள் இப்போது நினைக்கிறோம்.

ஆகவே புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு: மதிப்பாய்வாளரின் குறிப்பை அப்படியே அனுப்பாதீர்கள். ஆசிரியர் குழுவில் ஒருவர் கட்டுரையாளரைத் தொலைபேசியில் அழைத்துப் பேசட்டும். நிராகரிப்பதென்றாலும் என்ன குறை, எங்கே போய்த் தேடலாம் என்று ஒரு பக்கமாவது எழுதுங்கள். தமிழில் வரும் கட்டுரையைத் தமிழிலேயே மதிப்பிடுங்கள். மெய்ப்புப் பார்ப்பதும் தபால் ஒட்டுவதும் குழுவின் பெண்கள் தலையிலேயே விழுகிறதா என்றும் பாருங்கள். எங்களுடையதில் விழுந்தது.

முதுகலை இரண்டே வருடம். மின்னஞ்சல் கணக்கை முதல் நாளே இரண்டு மூன்று பேர் கையில் கொடுத்து வையுங்கள். எங்கள் கணக்கு ஒருவரிடம்தான் இருந்தது. அவர் படிப்பை முடித்துப் போனார், இதழும் நின்றது. அந்த மாணவியின் கட்டுரை அந்த அஞ்சல் பெட்டியில்தான் கிடக்கிறது. கடவுச்சொல் எங்களில் யாரிடமும் இல்லை.