ரியல் டைம் அப்ளிகேஷன் இல்லாத ப்ராஜெக்ட்

நம்ம ஊர் பின்கோடு ப்ரைம் நம்பரா? ஒரு நாள் லேப் ஹவர்ல சும்மா செக் பண்ணிப் பார்த்தேன். திருப்பத்தூர் 635601. இலக்கங்களைக் கூட்டினால் 21, அதனால் 3ஆல் வகுபடும். வாணியம்பாடி 635751, அதுவும் 3ல் அடிபட்டது. ஆம்பூர் 635802 இரட்டை எண். ஜோலார்பேட்டை 635851 மட்டும் கொஞ்சம் தாக்குப் பிடித்தது. 13 வரை தப்பித்து, கடைசியில் 17ல் மாட்டிக்கொண்டது: 17 × 37403.

ப்ரைம் என்பதற்குத் தமிழில் பகா எண். பகுக்க முடியாத எண். இங்கிலீஷ் மீடியத்தில் படித்த எனக்கு அந்தச் சொல்லே பாதி டெஃபனிஷன் மாதிரி இருந்தது.

அப்புறம் வடிவம் உள்ள பகா எண்களைத் தேட ஆரம்பித்தேன். 31, 331, 3331, 33331 என்று ஒரு 3 சேர்த்துக்கிட்டே போங்க. 33333331 வரை ஏழும் பகா எண்கள். ஏழு தடவை சரியா வந்தா நாம என்ன பண்ணுவோம்? ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ரிப்போர்ட்டில் ஒட்டிடுவோம். ஆனால் எட்டாவது, 333333331 = 17 × 19607843. திரும்பவும் அதே 17!

1 மட்டுமே வரும் எண்களில் 11 பகா எண். அடுத்தது பத்தொன்பது 1கள் கொண்டது, அதற்கடுத்து இருபத்து மூன்று. 49081 ஒன்றுகள் கொண்ட எண் பகா எண்ணாக இருக்க ரொம்ப வாய்ப்பு என்று ஹார்வி டப்னர் 1999ல் கண்டார். ஆனால் அது நிரூபிக்கப்பட்டது 2022ல்தான். 'இருக்கும் போல'ங்கறதுக்கும் 'இருக்கு'ங்கறதுக்கும் நடுவே 23 வருஷம்.

இதை ஃபைனல் இயர் ப்ராஜெக்டா பண்ணலாம்னு சொன்னா வர்ற முதல் கேள்வி: "இதுக்கு ரியல் டைம் அப்ளிகேஷன் என்ன?" நேர்மையான பதில், ஒண்ணும் இல்லை. பேங்க் பாஸ்வேர்டைக் காக்கும் ஆர்எஸ்ஏ முறைக்குப் பெரிய பகா எண்கள் தேவைதான். ஆனால் ஈசியா யூகிக்கக்கூடிய பேட்டர்ன் எண்கள் அதுக்கு ஆகாது.

இருந்தும் பண்ணணும் என்பதே என் கருத்து. அப்ளிகேஷன் கேள்விக்குப் பயந்துதான் பாதிப் பேர் காசு கொடுத்து ரெடிமேட் ப்ராஜெக்ட் வாங்குகிறோம். வைவாவில் ஒரு லைன் கோடுக்கு அர்த்தம் கேட்டால் முழிக்கிறோம். பகா எண் தேடலில் ஏமாற்ற முடியாது. விடை சரியா தப்பா என்று யார் வேண்டுமானாலும் வகுத்துப் பார்க்கலாம். ஆம்பூர் தோல் செலக்‌ஷன் மாதிரிதான், மேலே பளபளப்பா இருந்தா மட்டும் பாஸ் ஆகாது.

'மாணவர்களால் என்ன முடியும்?' என்பவர்களுக்கு ஒரு தகவல். 2002ல் ஐஐடி கான்பூரில் நீரஜ் கயல், நிதின் சக்சேனா இருவரும் பகா எண் சோதனை பற்றித்தான் பி.டெக் ப்ராஜெக்ட் செய்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் பேராசிரியர் மணீந்திர அகர்வாலோடு சேர்ந்து ஏகேஎஸ் முறையை வெளியிட்டார்கள். எந்த எண்ணையும் பகா எண்தானா என்று பாலினாமியல் டைமில், யூகமில்லாமல் உறுதியாகச் சொல்லும் முதல் முறை அது. 2006ல் கோடெல் பரிசு கிடைத்தது.

நமக்கு அவ்வளவு வேண்டாம், இதைப் பண்ணுங்க. 73939133. கடைசி இலக்கத்தை ஒவ்வொன்றாக வெட்டிக்கிட்டே வாங்க, ஒற்றை 7 வரை எல்லாமே பகா எண். இந்த வகையில் இதைவிடப் பெரிய எண் கிடையாது. ஏன் கிடையாதுன்னு இருபது வரி பைத்தான் கோடில் நீங்களே காட்டிடலாம். ரிவ்யூவில் யார் என்ன கேட்டாலும் பதில் உங்ககிட்ட இருக்கும், ஏன்னா அது நீங்க எழுதினது.