மழை வரும் திசைக்கு ஒரு பயணம்

காஞ்சிபுரம் மாவட்டத்துக் காவாந்தண்டலத்தில் அந்தமான் என்ற பெயரைக் கேட்காதவர் யாரும் இல்லை. ஐப்பசி பிறந்துவிட்டால் மாலைச் செய்தியில் அந்தப் பெயர் வராத நாள் குறைவு. தெற்கு அந்தமான் கடலில் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி என்று சொன்னதும், கழனிக்காரர்கள் பேச்சை நிறுத்திவிட்டுத் திரையைப் பார்ப்பார்கள். அது மேற்கே நகர்ந்து வந்தால் செய்யாற்றில் தண்ணீர் புரளும், ஏரி நிரம்பிக் கலங்கல் ஓடும். வடக்கே திரும்பி ஒடிசா பக்கமோ வங்கதேசத்துப் பக்கமோ போய்விட்டால், நவரைப் பட்டத்துக்குப் போர் மோட்டார்தான் கதி. வைகாசியிலும் அதே பெயர் வரும். கேரளத்தில் ஜூன் முதல் தேதி வாக்கில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை, அதற்குப் பத்து நாள் முன்பே அந்தமானைத் தொட்டுவிடும்.

அந்தத் திசையைப் பார்த்துவர ஊரிலிருந்து ஒரு தம்பதி சென்ற மாசியில் கிளம்பினார்கள். சம்பா அறுவடை முடிந்து, நெல் போட்ட பணம் கைக்கு வந்திருந்தது. கல்யாணமாகி இருபத்தைந்து வருடத்தில் இருவரும் சேர்ந்து பார்த்த தீவு ஒன்றே ஒன்றுதான்: ராமேஸ்வரம். அதுவும் உறவினர் ஒரு வேன் நிறைய. இருபத்திரண்டு தீர்த்தத்திலும் ஈரத்துணியோடு ஓடியதும், யார் யாருக்கு இட்லி போதவில்லை என்று கவலைப்பட்டதும்தான் அந்த அம்மாளுக்கு நினைவில் நின்றது. நம் கிராமத்துத் தம்பதிகளின் பயணம் பெரும்பாலும் இப்படித்தான். கோயிலுக்கோ கல்யாணத்துக்கோ கூட்டத்தோடு போவார்கள். இருவர் மட்டும் ஓய்வெடுக்கப் போவதென்றால் ஊரில் காரணம் கேட்பார்கள். இவர்கள் காரணம் சொல்லாமலே கிளம்பினார்கள் என்பது மகிழ்ச்சியான விஷயம்.

சென்னையிலிருந்து ஏறத்தாழ 1,350 கிலோமீட்டர். விமானத்தில் இரண்டே கால் மணி நேரம். கப்பலில் மூன்று நாள். இவர்கள் பறந்தார்கள். இறங்கிய தலைநகரைப் போர்ட் பிளேர் என்றே எல்லோரும் சொல்கிறார்கள். 2024 செப்டம்பர் முதல் அதன் பெயர் ஸ்ரீ விஜயபுரம். மறுநாள் காலை அந்த அம்மாள் கணவரை எழுப்பியிருக்கிறார்.

“ஏங்க, நல்லா வெளுத்துப்போச்சு. செல்லுல பாத்தா மணி அஞ்சரைதான் காட்டுது.”

“மணி சரிதாம்மா. பொழுதுதான் இங்க சீக்கிரம் வருது.”

அவர் சொன்னது சரி. இந்தியா முழுவதற்கும் ஒரே கடிகாரம். தீவோ நம் ஊருக்குப் பன்னிரண்டரை பாகைக்கு மேல் கிழக்கே இருக்கிறது. பாகைக்கு நான்கு நிமிடம் என்று கணக்கிட்டால் சூரியன் ஐம்பது நிமிடம் முந்தி வருகிறது. மாலை ஐந்தரைக்கெல்லாம் இறங்கியும் விடுகிறது. விடியலில் எழுந்து பழகிய உழவர்களுக்கு இது நல்ல வசதி. எட்டு மணிக்கு எழுந்திருக்கும் நகரத்துக்காரர்கள் தீவின் சிறந்த இரண்டு மணி நேரத்தைத் தூங்கியே தொலைக்கிறார்கள்.

ஹேவ்லாக் தீவின் ராதாநகர் கடற்கரையை 2004-ல் டைம் இதழ் ஆசியாவின் சிறந்த கடற்கரை என்று பாராட்டியது. கூட்டமும் அங்கேதான். இந்தத் தம்பதிக்குப் பிடித்ததோ நீல் தீவு. அரசுப் பெயர் ஷஹீத் த்வீப். பதினான்கு சதுர கிலோமீட்டர்கூடத் தேறாது. காவாந்தண்டலத்தோடு பக்கத்து இரண்டு மூன்று ஊர்களைச் சேர்த்தால் அடங்கிவிடும். 1960-களில் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து வந்த வங்காள அகதிக் குடும்பங்களைக் குடியமர்த்திய இடம். அவர்கள் காடு திருத்திக் காய்கறி போட்டார்கள். இன்றும் தலைநகரின் சந்தைக்குக் காய்கறி அனுப்பும் தோட்டம் இந்தத் தீவுதான். கடற்கரைகளின் பெயர்கள் பரத்பூர், சீதாபூர், லக்ஷ்மண்பூர். கடலைப் பார்க்கப் போன இருவரும் கத்தரிப் பாத்தியோரம் நின்று, இந்த மண்ணுக்கு என்ன உரம் போடுவார்கள் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். உடன் வந்த வழிகாட்டி நேரமாகிறது என்றார். உண்மையில் அவர்கள் பார்க்க வந்ததைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தண்ணீர் விஷயம் அங்கேதான் காதில் விழுந்தது. அந்தமானில் ஆண்டுக்கு ஏறக்குறைய 3,000 மில்லிமீட்டர் மழை. காஞ்சிபுரம் மாவட்டத்துக்குக் கிடைப்பது சுமார் 1,200. ஆனாலும் மார்ச், ஏப்ரலில் அங்கே குடிநீர்த் தட்டுப்பாடு. தலைநகருக்குத் தண்ணீர் தருவது தனிக்காரி அணை. கோடையில் குழாயில் முறை வைத்துத்தான் விடுகிறார்கள். மலை செங்குத்து, ஓடைகள் குட்டை, பெய்த மழை நின்று ஊறுவதற்குள் கடலில் போய்ச் சேர்ந்துவிடுகிறது. நம் பக்கத்தில் பல்லவர் காலத்திலிருந்தே மழையை ஏரியில் கட்டி வைத்து மதகைத் திறந்து பாய்ச்சுகிறோம். உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் குடவோலையால் தேர்ந்தெடுத்த வாரியங்களைப் பேசுகின்றன. அவற்றில் ஏரி வாரியமும் ஒன்று. அந்த வழியில் வந்தவர்களுக்கு, கடல் சூழ்ந்த விடுதியில் நீச்சல் குளம் நிறைந்து நிற்க, வெளியே பெண்கள் குடத்தோடு காத்திருப்பது பொறுக்காது. இந்தத் தம்பதி ஐந்து நாளும் ஷவரைத் திறக்கவில்லை. வாளியில் பிடித்துத்தான் குளித்தார்கள். அங்கே போகிற எல்லோரும் இதைச் செய்தாக வேண்டும்.

எப்போது போவது என்பதையும் கழனிக்காரர்களிடமே கேட்கலாம். 2016 டிசம்பர் முதல் வாரத்தில் ஹேவ்லாக்கிலும் நீலிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட பயணிகள் புயலில் மாட்டிக்கொண்டார்கள். படகுகள் நின்றுவிட்டன, கடற்படைக் கப்பல்கள் போய் மீட்டு வந்தன. சில நாளில் அதே புயல் வர்தா என்ற பெயரோடு டிசம்பர் 12 அன்று சென்னையருகே கரையேறி மரங்களைச் சாய்த்தது. நமக்கு வரும் புயல்கள் பல அந்தமானைக் கடந்துதான் வருகின்றன. மாசி, பங்குனியில் கடல் அடங்கிக் கிடக்கும். நம் சம்பா அறுவடை ஓய்வும் அப்போதுதான்.

தலைநகரில் செல்லுலார் சிறையைப் பார்க்காமல் திரும்பக் கூடாது. 1896-ல் தொடங்கி 1906-ல் கட்டி முடித்தது. ஏழு சிறகுகளில் 693 தனிக்கொட்டடிகள். இப்போது மிஞ்சியவை மூன்று சிறகுகள். ஒரு கொட்டடியில் நிற்பவருக்கு எதிர்ச் சிறகின் முதுகு மட்டுமே தெரியும்படி கட்டியிருக்கிறார்கள். அந்த அம்மாள் ஒரு கொட்டடிக்குள் சென்று நின்றுவிட்டு, பேசாமல் வெளியே வந்து கணவரின் கையைப் பிடித்துக்கொண்டாராம்.

மொழிக்குப் பயமில்லை. 2011 கணக்கெடுப்பின்படி தீவுகளில் வசிக்கும் 3.8 லட்சம் பேரில் ஏறத்தாழ 15 விழுக்காட்டினரின் தாய்மொழி தமிழ். சந்தையில் தமிழில் விலை கேட்டால் தமிழிலேயே பதில் வரும்.

பேக்கேஜ் விற்பவர்கள் ஜாரவா மக்கள் வாழும் காட்டு வழியே பாராடாங் தீவுக்குக் கூட்டிப்போவதாகச் சொல்வார்கள். 1956-லேயே பழங்குடியினரைக் காக்கச் சட்டம் வந்தது. அந்தக் காட்டின் ஊடே போகும் சாலையை மூடும்படி 2002-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. இன்னும் வண்டிகள் ஓடுகின்றன. மனிதர்களை வேடிக்கை பார்க்கும் அந்தப் பயணத்தை இவர்கள் மறுத்துவிட்டார்கள். சரியான முடிவு. 2010-ல் கடல் சூடேறி வெளுத்துப்போன பவளத்தின் ஒரு துண்டையோ, ஒரு சங்கையோ பையில் போட்டுக்கொண்டு வருவதும் கூடாது. விமான நிலையத்தில் சோதிக்கிறார்கள்.

அறுவடை முடிந்து கையில் கொஞ்சம் பணமும் பத்து நாள் ஓய்வும் இருந்தால், அடுத்த மாசியில் உங்கள் வீட்டம்மாளை அழைத்துக்கொண்டு கிளம்புங்கள். நீல் தீவில் இரண்டு இரவு தங்குங்கள். அறைக்குள் நுழைந்ததும் ஒரு வாளி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.