அம்மாவை ராணி மாதிரி உட்கார வைக்காதீர்கள்

பதிவு கொஞ்சம் நீளம். டீச்சர்தானே, பொறுத்துக்கொள்ளுங்கள்.

"அம்மாவுக்கு ஒரு வேலையும் வைக்கிறதில்லை டீச்சர், ராணி மாதிரி உட்கார வச்சிருக்கேன்" என்று பெருமையாகச் சொல்லும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். பாசம் புரிகிறது. ஆனால் அந்த நாற்காலி அம்மாவுக்கு நல்லதில்லை என்பேன்.

காலில் முள் குத்தினால் அந்த இடம் சிவந்து, சூடாகி, வீங்கும். அதுதான் அழற்சி. உடம்பு தன்னைக் காத்துக்கொள்ள நடத்தும் சண்டை. சில நாளில் அடங்கிவிடும். வயதானால் வேறொன்று வருகிறது. வெளியே தெரியாத மெல்லிய அழற்சி, உமி நெருப்பு மாதிரி உள்ளே புகைந்துகொண்டே இருக்கும். இத்தாலிய விஞ்ஞானி கிளாடியோ ஃபிரான்செஸ்கியின் குழு 2000-ஆம் ஆண்டில் முதுமையையும் அழற்சியையும் ஒட்டவைத்து இதற்குத் தனிப் பெயரே வைத்தது. இதய நோய், சர்க்கரை நோய், தசை இளைப்பது எல்லாவற்றோடும் இதற்குத் தொடர்பு உண்டு. வயிற்றுக்குள் சேரும் கொழுப்பு இதற்கு விறகு போடுகிறது.

தூக்கவும் நடக்கவும் மட்டும்தான் தசை என்று நினைப்போம். இல்லை. வேலை செய்யும் தசை ரத்தத்தில் சில பொருட்களைச் சுரக்கிறது. கோபன்ஹேகனில் பென்டே பெடர்சன் என்ற டாக்டரம்மாவின் குழு அவற்றுக்கு மயோகைன் என்று பெயரிட்டது. அதில் ஒன்று இன்டர்லூகின்-6. சும்மா இருக்கும் உடம்பில் அது எப்போதும் கூடுதலாக இருந்தால் அழற்சியின் அடையாளம். அதுவே உடற்பயிற்சியின்போது தசையிலிருந்து கொஞ்ச நேரம் ஏறி இறங்கினால், அழற்சியை அடக்கும் இன்டர்லூகின்-10 போன்றவற்றை வரவழைக்கிறது. ஒரே பையன், ஒரு வகுப்பில் வம்பு, இன்னொரு வகுப்பில் லீடர்! என் பிள்ளைகளில் அப்படிச் சிலர் உண்டு, பெயர் சொல்ல மாட்டேன்.

ஒரே நாளில் மாயம் நடக்காது. மாதக்கணக்கில் விடாமல் செய்தால் ரத்தத்தில் சிஆர்பி என்னும் அழற்சி அளவு ஓரளவு குறைகிறது. எடையும் இறங்கினால் இன்னும் நல்லது. வாட்ஸ்அப்பில் வரும் பொடிக்கும் லேகியத்துக்கும் காசு கொடுப்பவர்கள், காசில்லாத இதை ஏன் விட்டுவிடுகிறார்களோ!

65 வயதைத் தாண்டியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்னது: வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, குறைந்தது 2 நாள் தசைக்கு வலுவூட்டும் பயிற்சி, 3 நாள் தடுமாறாமல் நிற்கப் பழகுவது. நம்மில் பலர் வாக்கிங்கோடு நிறுத்திவிடுகிறோம். நாற்காலியில் கையூன்றாமல் பத்துத் தடவை எழுந்து உட்காருவதும் பயிற்சிதான்.

என் அக்காவுக்கு 74 வயது, மூட்டுத் தேய்மானம். "அசையாதீங்கம்மா" என்று பிள்ளைகள் எல்லாவற்றையும் கைக்கே கொண்டுவந்து கொடுத்தார்கள். இப்போது எழுந்திருக்கவே ஆள் வேண்டும். மூட்டுத் தேய்மானத்துக்கு அளவான உடற்பயிற்சியும் முக்கியமான வைத்தியம்தான். மூட்டு திடீரென்று சிவந்து வீங்கினாலோ, காய்ச்சல், நெஞ்சுவலி இருந்தாலோ மட்டும் நிறுத்திவிட்டு முதலில் டாக்டரைப் பாருங்கள்.

தம்பி, நீயும் இதைப் படிப்பாய். சித்தி உன்னைத் திட்டவில்லை. அடுத்த வாரம் வருகிறேன், டாக்டரிடம் கேட்டுக்கொண்டு ஆரம்பிப்போம். பக்கத்தில் ஆள் நின்றாலும் பரவாயில்லை, வாசல்வரை நடந்து பால் வாங்கும் வேலையை அம்மாவிடமே திருப்பிக் கொடுத்துவிடு.